நாற்று அறியும் மண்

நுழையும்முன்

மிளகாய் விதைத்த எட்டாம் நாள், பத்தாம் நாள் வாக்கில் நாற்றங்காலில் பச்சை தெரிய வேண்டும். சில பாத்திகளில் அது தெரிவதே இல்லை. வேறு சிலவற்றில் நன்கு முளைத்த நாற்று, இரண்டு வாரத்தில் விளிம்பு காய்ந்து சாய்கிறது. விதை பழுது என்பார் ஒருவர். மழை ஏமாற்றியது என்பார் மற்றொருவர். இரண்டும் இல்லாதபோது மண்ணில் கலந்துள்ள வேதிப்பொருள்களை ஐயுற வேண்டியிருக்கிறது. அவை இளநாற்றை எவ்வாறு தாக்குகின்றன என்பதை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரி நிலத்தை முன்வைத்து விளக்குகிறது இவ்வுரைநடை.

கரிசலும் களரும்

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அமைந்துள்ளன. திருச்சுழி வழியே செல்லும் குண்டாறு, ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணற்படுகையாகவே காட்சி தரும். ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையாக ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பொழிந்துவிடும். பருத்தி, மக்காச்சோளம், கம்பு, உளுந்து, மிளகாய், மல்லி, வெங்காயம் ஆகியன அந்த ஈரத்தை நம்பி விதைக்கப்படுபவை. மிளகாய் நாற்றைப் பிடுங்கி நடுவதற்கு 40 முதல் 45 நாள் வயது வேண்டும். நாற்றங்கால் ஒருமுறை கெட்டு, மீண்டும் விதைத்து, மறுபடியும் 40 நாள் காத்திருந்தால் நடவுக்கு உரிய மழை கடந்துபோயிருக்கும். ஆற்றுப்பாசன நிலத்தில் ஒரு நாற்றங்கால் கெடுவது இழப்பு. இங்கு அதுவே அவ்வாண்டின் மிளகாய் வரவு முழுவதையும் இழப்பதாக முடியலாம்.

இந்நிலத்தின் மண் பெரும்பாலும் கரிசல். நீர் பட்டால் உப்பி விரிந்து, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண் அதில் மிகுதி. அக்களித்துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின் ஏற்றம் உண்டு. சுண்ணாம்பு (கால்சியம்), சாம்பல் (பொட்டாசியம்), சோடியம் போன்ற நேர்மின் அயனிகளை அது தன்மீது ஒட்டவைத்துக்கொள்ளும். கரிசலின் வளத்துக்குக் காரணம் இந்தப் பிடிமானம். வந்து சேரும் மாசும் எளிதில் வெளியேறாமல் தங்கிவிடுவதற்குக் காரணமும் இதுவே. கரிசலின் கார அமில நிலை பெரும்பாலும் 8ஐ ஒட்டியது. அதாவது சற்றே காரத்தன்மை கொண்டது. பின்னால் வரும் செய்திகளுக்கு இந்த எண் முதன்மையானது.

மண்ணில் உப்பும் காரமும் மிகுவதைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். உப்புப் பூத்த நிலம் உவர். காரம் ஏறி இறுகிய நிலம் களர். கல்லாதவரை விளைவு தராத களர்நிலத்துக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். புறநானூற்றின் 311ஆம் பாடலில், களர்நிலத்தில் தோண்டிய கிணற்றின் நீரில் பெண்ணொருத்தி நாள்தோறும் ஆடை வெளுக்கிறாள். வேதியியல் நோக்கில் இச்செய்தி துல்லியமானது. களர்நிலத்தில் சோடியம் கார்பனேட்டு மிகுந்திருக்கும். இன்று சலவைச் சோடா என்று கடையில் விற்கப்படுவதும் அதுவே. அழுக்கைப் போக்கும் அதே பொருள்தான் விதையின் வேரையும் அரிக்கிறது.

விதை விழிக்கும் நேரம்

முளைத்தலின் முதற்செயல் நீரை உறிஞ்சுதல். விதையின் உள்ளே கரைபொருள் செறிவு மிகுதி. வெளியே மண்ணீரில் குறைவு. ஆகவே சவ்வூடு பரவல் வழியாக நீர் உள்ளே செல்கிறது. மண்ணீரில் உப்பு மிகுந்தால் இந்த வேறுபாடு குறைகிறது. மண் ஈரமாகவே இருக்கும். விதையோ வறட்சியில் கிடப்பதுபோல் கிடக்கும். இதனை உடலியங்கியல் வறட்சி என்பர். தாமதமாகவேனும் நீர் புகுந்து முளைவேர் வெளிவந்தால், அடுத்த தாக்குதல் தொடங்குகிறது. வேர்நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பகுதியில் உயிரணுக்கள் ஓயாமல் பிரிகின்றன. வேரைப் போர்த்தும் தடித்த தோல் அப்போது உருவாகியிருக்காது. மண்ணீரில் எது கரைந்திருக்கிறதோ அது நேராக உயிரணுவைத் தொடும்.

வளர்ந்த செடிக்கு இல்லாத இன்னோர் இடர் நாற்றுக்கு உண்டு. அதன் வேர் இருப்பது மேல்மண்ணின் முதல் ஐந்து சென்டிமீட்டரில். வெயிலில் நீர் ஆவியாகும்போது கீழிருந்து ஏறிவரும் உப்பு முழுவதும் அங்கேதான் தங்குகிறது. தெளித்த களைக்கொல்லியும் கொட்டிய உரமும் தங்குவதும் அங்கேதான். வளர்ந்த பருத்திச் செடி ஆழத்துக்கு வேரிறக்கித் தப்பித்துக்கொள்ளும். மூன்று நாள் வயதுடைய மிளகாய் முளைக்கு ஒதுங்க வேறிடம் இல்லை.

விதையின் பருமனும் இதில் பங்கு வகிக்கிறது. ஆயிரம் மிளகாய் விதைகளின் எடை ஐந்து, ஆறு கிராம்தான். ஓர் அவரை விதை, ஒரு மிளகாய் விதையைப்போல் பல பத்து மடங்கு கனமானது. கட்டுச்சோறு மிகுதியாக உள்ளவர் நெடுந்தொலைவு நடப்பதுபோல், பருத்த விதையின் முளை சில நாள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் நஞ்சு மண்ணிலேயே இருக்கும்போது அது சாவைத் தள்ளிப்போடுவதாகவே முடிகிறது. பெரிய விதைப் பயிர் நன்றாக முளைத்ததைப் பார்த்து மண் நல்லது என்று முடிவுசெய்வது அவசரம்.

உப்பைத் தாங்கும் ஆற்றல் பயிருக்குப் பயிர் வேறுபடும். மாஸ், ஹாஃப்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1977இல் இவ்வேறுபாட்டை எண்களாகத் தொகுத்தனர். மண்ணின் நிறைசாற்றில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைக்கொண்டு உப்பை அளப்பர், அலகு டெசிசீமன்ஸ். அத்தொகுப்பின்படி பருத்தி 7.7 வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். மிளகாய் இனத்தின் எல்லை 1.5, வெங்காயத்தின் எல்லை 1.2, பீன்சின் எல்லை 1 மட்டுமே. எல்லையைத் தாண்டிய ஒவ்வோர் அலகுக்கும் மிளகாயில் 14 விழுக்காடும் வெங்காயத்தில் 16 விழுக்காடும் விளைச்சல் குறைகிறது. உவர்நிலம் என்று நூல்கள் வரையறுக்கும் அளவு 4. அந்த அளவுள்ள நிலத்தில் பருத்தி குறையின்றி நிற்க, மிளகாய் 35 விழுக்காடும் வெங்காயம் ஏறத்தாழ 45 விழுக்காடும் இழந்திருக்கும். ‘போன ஆண்டு பருத்தி நன்றாக வந்த நிலம்தானே’ என்னும் வாதம் ஏன் செல்லாது என்பதற்கு இவ்வெண்களே விடை. இவை விளைச்சலைக்கொண்டு கணித்தவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பெரும்பாலான காய்கறிகளில் நாற்றுப்பருவம் இதைவிட மெல்லியது.

நொய்யல் கற்பித்தது

அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். நெசவு உள்ள இடத்தில் சாயம் உண்டு. சாயம் உள்ள இடத்தில் கழிவுநீர் உண்டு. கழிவுநீர் பெருகினால் வயலுக்கு என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு நொய்யல் ஆற்றில் கண்டது.

பருத்தி நூலில் இன்றைய சாயங்கள் தாமாக ஒட்டுவதில்லை. சாயத்தை நூலின்பால் தள்ளுவதற்குச் சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ சேர்க்கின்றனர். நிறத்தின் அடர்வுக்கேற்ப ஒரு லிட்டர் சாயநீருக்கு 30 முதல் 100 கிராம் வரை உப்பு கரைக்கப்படுகிறது. சாயம் பிடித்துக்கொள்ளச் சோடாவும் சேர்க்கின்றனர். நூலில் தங்குவது சாயம் மட்டுமே. உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். நிறத்தை நீக்கித் தெளிவாக்கிய நீரிலும் அது அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தூயதாகத் தெரியும் நீர் பயிருக்குத் தூயதாக இருக்க வேண்டியதில்லை.

திருப்பூருக்குக் கீழே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டிமுடிக்கப்பட்டது. ஏறத்தாழ 20,000 ஏக்கருக்கு நீர் தருவது அதன் நோக்கம். சில ஆண்டுகளிலேயே அணையில் தேங்கியது சாயக்கழிவு கலந்த உப்புநீர் ஆயிற்று. நீர் திறக்க வேண்டும் என்று உழவர் கேட்பதே எங்கும் வழக்கம். இங்கோ திறக்கக் கூடாது என்று போராடினர். வழக்குகள் தொடர்ந்தன. 2009இல் உச்சநீதிமன்றம் உழவர் பக்கம் நின்று மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையை உறுதிசெய்தது. கழிவுநீர் வெளியேறுவது நிற்காத நிலையில், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. பல்லாயிரவர் வேலையிழந்தனர். உழவரின் இழப்பையும் தொழிலாளரின் இழப்பையும் ஒரே ஆறு சுமந்தது என்பதை அவ்வழக்கைப் படிப்பவர் மறக்கலாகாது.

அத்தகைய நீர் பாய்ந்த மண்ணில் இரண்டு தீங்குகள் நேர்கின்றன. ஒன்று, மேலே கண்ட உப்பழுத்தம். மற்றொன்று மண்ணின் கட்டமைப்பே குலைதல். களித்துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பொலபொலப்பாக வைத்திருப்பது கால்சியம். அந்த இடத்தைச் சோடியம் பிடித்துக்கொண்டால் துகள்கள் தனித்தனியே பிரிந்து, மழை பெய்ததும் சேறாகி, காய்ந்ததும் ஓடுபோல் இறுகும். விதை முளைத்திருக்கும், முளை அந்த ஓட்டைப் பிளந்து வெளிவர இயலாமல் உள்ளேயே மடங்கிக் கிடக்கும். நாற்று வராத பாத்தியை விரலால் கிளறிப் பார்த்தால் வெள்ளையாகச் சுருண்ட முளைகள் கிடைக்குமானால் குற்றம் விதையில் இல்லை. மண் ஏற்றுக்கொண்ட அயனிகளில் சோடியம் 15 விழுக்காட்டைத் தாண்டினால் களர் என்று அமெரிக்க நூல்கள் வரையறுக்கின்றன. விரிந்து சுருங்கும் கரிசலுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆறு விழுக்காட்டிலேயே தொல்லை தொடங்கிவிடுவதை ஆஸ்திரேலிய வரையறை ஏற்றுக்கொண்டுள்ளது.

இதற்கு மருந்து ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். வெளியேறிய சோடியத்தை ஆழத்துக்குக் கழுவிச் செல்ல நல்ல நீர் வேண்டும், வடிகாலும் வேண்டும். காவிரிப் பகுதியில் எளிதாகச் சொல்லப்படும் இம்மருத்துவம், திருச்சுழி போன்ற வறண்ட நிலத்தில் ஒரு நல்ல மழைக்காகக் காத்திருக்க வேண்டியதாகிறது. ஜிப்சத்தை மழைக்கு முன்னரே இட்டு உழுது, வரப்பை உயர்த்தி, பெய்யும் நீரை வயலிலேயே நிறுத்துவதுதான் இங்குள்ள வழி. தக்கைப்பூண்டு, கொழிஞ்சி போன்ற பசுந்தாள் உரங்கள் இதற்குத் துணைசெய்யும்.

வேரோடு நிற்கும் உலோகம்

உலோக மாசுக்குப் பாலாற்றுப் பகுதி சான்று. தோல் பதனிடும் தொழிலால் நேர்ந்த கேட்டை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அப்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு அத்தீர்ப்பில் எடுத்தாளப்பட்டுள்ளது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலையொன்று விட்டுச்சென்ற கழிவுக்குவியல் ஒன்றரை இலட்சம் டன்னுக்குக் குறையாதது.

குரோமியம் இரு வடிவங்களில் வரும். தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் நீரில் எளிதில் கரையாது. ஆறிணைதிற வடிவமான குரோமேட்டு கரையக்கூடியது. காரமண்ணில் இன்னும் எளிதாக நகரும். அதன் உருவமைப்பு, செடிக்குத் தேவையான சல்பேட்டை ஒத்திருப்பதால், சல்பேட்டுக்கென்று வேர் திறந்துவைத்த வாயில் வழியாகவே உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் உயிரணுச் சவ்வுகளைச் சிதைக்கிறது. முளைவேர் குட்டையாகித் தடித்துப் பழுப்பேறுகிறது, பக்கவேர்கள் தோன்றுவதில்லை. பெரும்பகுதிக் குரோமியம் வேரிலேயே நின்றுவிடும்; ஆகவே இலை சிலநாள் பசுமையாகத் தோன்றி ஏமாற்றும். ஈயமும் பெரும்பாலும் வேரில் நிற்பதே. காட்மியம் இதற்கு நேர்மாறானது. அது கீரையின் இலைவரை ஏறும்; நாற்றைக் கொல்லாத சிறு அளவிலும் உண்பவரின் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யும். செடி செத்தால் உழவருக்கு இழப்பு. சாகாமல் நஞ்சை ஏற்றிக்கொண்டால் இழப்பு யாருக்கென்றே தெரியாமல் போகும்.

மக்காச்சோளத்துக்குப் பின் மிளகாய்

ஆலைக்கழிவு சேராத ஊரிலும் நாற்றைக் கெடுக்கும் பொருள் ஒன்று உண்டு. அதை உழவரே விலைகொடுத்து வாங்குகிறார். கரிசல் காட்டில் மக்காச்சோளப் பரப்பு பெருகியபோது களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாயிற்று. விதைத்த மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் அட்ரசின் என்னும் களைக்கொல்லியைத் தெளித்தால் களை முளைப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் நிலத்தடிநீரில் அதன் எச்சம் மிகுவதைக் கருதி 2004இல் அதற்கு இசைவு மறுத்தது. இந்தியாவில் அது பயன்பாட்டில் உள்ளது.

அட்ரசின் விதை முளைப்பதைத் தடுப்பதில்லை. பச்சையத்தில் ஒளியாற்றலைக் கொண்டுசெல்லும் புரதமொன்றில் ஒட்டிக்கொண்டு ஒளிச்சேர்க்கையின் பாதையை மறிக்கிறது. மக்காச்சோளத்திடம் அதனைச் சிதைத்து நஞ்சகற்றும் நொதி உண்டு. கத்தரி, தக்காளி, வெள்ளரி, அவரை, பயறு ஆகியவற்றிடம் அந்த ஆற்றல் போதிய அளவு இல்லை. எனவே இந்நாற்றுகள் இயல்பாக முளைக்கும். வித்திலை பசுமையாக விரியும். விதையில் இருந்த உணவு தீர்ந்து, இலை தன் உணவைத் தானே சமைக்கத் தொடங்கும் நாளில்தான் நோய் வெளிப்படும். முதலில் மூத்த இலையின் விளிம்பு மஞ்சளாகும். பின் பழுப்பேறிக் கருகும். வெயில் நன்றாக அடிக்கும் நாளில் சாவு விரைவாக வரும். மறிக்கப்பட்ட ஒளியாற்றல் உயிரணுவையே எரிப்பதே அதற்குக் காரணம். வெயில்தான் கருக்கியது என்று உழவர் எண்ணுவதில் வியப்பில்லை.

மண்ணில் அட்ரசின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 60 நாள் ஆகும் என்பது பொதுவான கணக்கு. எக்டேருக்கு 500 கிராம் இட்டால் 60 நாளில் 250, 120 நாளில் 125 கிராம் என்று குறைய வேண்டும். கரிசலில் இக்கணக்கு இரண்டு இடங்களில் தவறுகிறது. அட்ரசின் அமில மண்ணில் நீரோடு வினைபுரிந்து விரைவில் சிதையும். காரமண்ணில் அவ்வினை மிக மெதுவாக நடக்கும். கரிசலின் கார அமில நிலை 8 என்பதை முன்னர்க் கண்டோம். அடுத்து, சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஈரம் வேண்டும். தை, மாசியில் அறுவடை முடிந்தபின் புரட்டாசிவரை இந்நிலம் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. நாள்காட்டியில் ஏழு மாதம் கழியும். மண்ணுக்குள் சிதைவு ஏறத்தாழ நின்றிருக்கும். ‘போன பருவத்தில் அடித்த மருந்து இன்னுமா இருக்கும்’ என்ற கேள்விக்கு, ஈரமான நாள்களை மட்டும் எண்ணிப் பார்ப்பதே தகுந்த விடை.

பரிந்துரைத்த அளவில் ஒருமுறை தெளித்த நிலத்தில் எச்சம் பெரும்பாலும் தீங்கு செய்யும் அளவை எட்டாது. மிகுதியாகக் கலப்பதும், தெளிப்பான் ஒரே இடத்தில் நிற்பதும், அடித்த வரிசையிலேயே மீண்டும் அடிப்பதும்தான் தீங்காகின்றன. அவ்வாறு நேர்ந்த வயலில் நாற்று எங்கும் சீராகக் கெடாது. பட்டை பட்டையாகவும் வரிசையின் முனைகளிலும் கெட்டிருக்கும். நோயோ பூச்சியோ அவ்வாறு கோடு கிழித்துத் தாக்குவதில்லை. மக்காச்சோளத்தில் பயறு ஊடுபயிராக வருமாயின் அட்ரசின் தெளிக்கக் கூடாது என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அடுத்த பருவத்து நாற்றங்காலுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். மருந்துக்கடைகளில் இதைச் சொல்லி விற்பவர் குறைவு.

இன்னொரு களைக்கொல்லியான 2,4-டி வேறுவகையில் செயல்படும். அது செடியின் வளர்ச்சி இயக்குநீரைப்போல் நடித்து அளவிறந்த, ஒழுங்கற்ற வளர்ச்சியைத் தூண்டுகிறது. தண்டு முறுக்கிக்கொள்ளும், இலை கிண்ணம்போல் குழியும். தக்காளியும் பருத்தியும் இதற்கு மிக நொய்யவை. முறையாகக் கழுவாத தெளிப்பானில் ஒட்டியிருந்த மிச்சமே ஒரு நாற்றங்காலைக் கோணலாக்கப் போதும்.

தெரியுமா?

2008இல் பிரித்தானியாவில் வீட்டுத்தோட்டம் வைத்திருந்த பலரின் தக்காளி, அவரை, உருளைக்கிழங்குச் செடிகள் பெரணி இலைபோல் சுருண்டன. அவர்கள் எந்த மருந்தும் தெளித்திருக்கவில்லை. இயற்கை உரமான சாணத்தையே இட்டிருந்தனர். புல்வெளியில் தெளிக்கப்பட்ட அமினோபைரலிட் என்னும் களைக்கொல்லி, புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றிலும் சிதையாமல் சாணத்தின் வழியே தோட்டத்தை அடைந்திருந்தது. நூறு கோடியில் சில பங்கு அளவே அந்நாற்றுகளைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது. அம்மருந்தின் விற்பனை அவ்வாண்டே நிறுத்திவைக்கப்பட்டது.

எருவைப் பற்றிய இச்செய்தி இங்கும் எண்ணத்தக்கது. கோடையில் கண்மாயிலிருந்து கரம்பை அள்ளி நிலத்தில் பரப்புவது இவ்வட்டாரத்தின் பழைய நல்வழக்கம். மழைநீர் மட்டும் வந்து சேரும் கண்மாயின் கரம்பை பொன்போன்றது. ஊர்ச்சாக்கடையும் பட்டறைக் கழிவும் இறங்கும் கண்மாயின் கரம்பை, அக்கழிவுகளின் உலோகத்தையும் சேர்த்தே சுமக்கும். கருமை நிறம் இரண்டிலும் ஒன்றே.

உரமும் மிகுந்தால் மாசுதான். யூரியா மண்ணில் அம்மோனியாவாக மாறுகிறது. காரமண்ணில் அது வாயுவாகவே முளையைச் சூழ்ந்து வேர்நுனியைக் கருக்கும். விதையை ஒட்டி ஒரு பிடி யூரியா போடுவதைக் காட்டிலும் போடாமலிருப்பது நாற்றங்காலுக்கு நல்லது.

நாற்றைப் படித்தல்

இவ்வளவு அடையாளங்களைச் சொன்னபின், அவற்றை முழுமையாக நம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியுள்ளது. கரிசலின் காரத்தன்மையால் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் செடிக்குக் கிட்டாமல் போவதுண்டு. இரும்பு குறைந்தால் இளம் இலை வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். களைக்கொல்லி மூத்த இலையில் தொடங்குவது. இரும்புக்குறை இளம் இலையில் தொடங்குவது. இந்த ஒரு வேறுபாட்டைக் காணத் தவறினால், ஊட்டம் கேட்கும் செடியை நஞ்சுண்டதாகக் கருத நேரிடும்.

மண்ணாய்வு செய்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் பன்னிரண்டு பண்புகளை அளந்து தருகிறது. கார அமில நிலை, மின்கடத்துதிறன், கரிமம், ஒன்பது ஊட்டச்சத்துகள் என்பன அவை. உப்பும் காரமும் அதில் தெரியும்; பயனுள்ள ஆவணம். ஆனால் குரோமியம், காட்மியம், அட்ரசின் ஆகியவற்றைப் பற்றி அவ்வட்டை எதுவும் கூறாது. அதற்காக அது வடிவமைக்கப்படவில்லை. அட்டையில் எல்லாம் நலம் என்றிருக்க, நாற்று சாவதில் முரண் ஏதுமில்லை. மண்ணிலுள்ள நஞ்சைத் தேடும் விலையுயர்ந்த ஆய்வுக்கு அனுப்புமுன், நாற்றையே கருவியாக்கிக் கேட்கலாம். இதனை உயிரிச் சோதனை என்பர்.

இம்முறைக்கு அறிவியலில் நல்ல மரபு உண்டு. சுவீடன் நாட்டு அறிஞர் ஆல்பர்ட் லெவான் 1938இல் வெங்காய வேரைக்கொண்டு வேதிப்பொருளின் விளைவை ஆராயும் முறையை வெளியிட்டார். வெங்காயத்தின் உயிரணுவில் 16 குரோமோசோம்களே உள்ளன, அவை பெரியவை, உருப்பெருக்கியில் தெளிவாகத் தெரிபவை. மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன என்பதை ஜோ ஹின் ஜியோவுடன் சேர்ந்து 1956இல் உலகுக்கு அறிவித்தவரும் இதே லெவான்தான். ஒரு குவளையில் நல்ல நீரையும் மற்றொன்றில் ஐயத்துக்குரிய கிணற்றுநீரையும் நிரப்பி, அடிப்பாகம் மட்டும் நனையுமாறு வெங்காயத்தை வைத்தால், ஐந்து நாளில் வேர்களின் நீளம் இரு நீர்களின் வேறுபாட்டைக் காட்டிவிடும். பள்ளி ஆய்வகத்தில் இதற்குச் செலவு ஏதுமில்லை.

மண்ணுக்கு நான்கு தொட்டிகள் போதும். முதல் தொட்டியில் மருந்தே தெளிக்காத, கழிவுநீர் பாயாத இடத்து மண். மற்ற மூன்றில் ஐயத்துக்குரிய வயலின் மண். வயலில் பல இடங்களில் பத்து சென்டிமீட்டர் ஆழம்வரை எடுத்துக் கலந்தது. இரண்டாம் தொட்டியில் அம்மண்ணை அப்படியே வைக்க வேண்டும். மூன்றாம் தொட்டியில் செயலூட்டிய கரித்தூளைக் கலக்க வேண்டும். நான்காம் தொட்டியில் நல்ல நீரைப் பலமுறை ஊற்றி அடித்துளை வழியே வடியவிட வேண்டும். நான்கிலும் வெள்ளரி விதையையும் மிளகாய் விதையையும் ஊன்றி மூன்று வாரம் காக்க வேண்டும். கரி, களைக்கொல்லி போன்ற கரிமச் சேர்மங்களைத் தன்மேல் ஈர்த்துக்கொள்ளும், உப்பை ஈர்க்காது. எனவே இரண்டாம் தொட்டி கெட்டு, மூன்றாம் தொட்டி மட்டும் முதல் தொட்டியைப்போல் செழித்தால் களைக்கொல்லியை ஐயுறலாம். மூன்றாவது கெட்டு நான்காவது மட்டும் தேறினால் உப்பு. மூன்று தொட்டிகளும் ஒருசேரக் கெட்டால், இறுகிய சோடியமோ உலோகமோ இருக்கக்கூடும். அப்போது ஆய்வகத்தை நாடுவதைத் தவிர வேறு வழியில்லை. அருப்புக்கோட்டைக் கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. மானாவாரி நிலம் குறித்த ஐயங்களுக்கு அங்கு வழிகாட்டுதல் பெறலாம்.

சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவது திருச்சுழிப் பகுதியில் பலரது பிழைப்பு. அம்மூட்டத்தின் அடியில் மிஞ்சும் தூள் பெரும்பாலும் வீணாகிறது. செயலூட்டிய கரியைவிட அதன் ஈர்க்கும் ஆற்றல் குறைவுதான். எனினும் சோதனைத் தொட்டிக்கு அதைச் சற்று மிகுதியாகக் கலந்து பயன்படுத்திப் பார்க்கலாம்.

இச்சோதனையை ஆவணியில் தொடங்கினால் புரட்டாசி பிறக்குமுன் விடை கிடைத்துவிடும். மழை இறங்குவதற்குள், அந்த வயலில் மிளகாய்க்கு மாற்றாகப் பருத்தியோ கம்போ விதைக்கவும், நாற்றங்காலை வேறொரு மேட்டுப் பாத்திக்கு மாற்றவும் அப்போது நேரம் இருக்கும்.